ஜெர்மானியக் கல்மண் கலங்களின் பிறப்பிடம்: ஒரு வரலாற்று ஆய்வு

திருச்சபை வரலாற்றைக் கற்போர் 16ஆம் நூற்றாண்டைப் பற்றி அறியத் தேடுவன பெரும்பாலும் நூல்களும் கடிதங்களும் சங்கத் தீர்மானங்களுமேயாம். அந்நூற்றாண்டின் மக்கள் நாள்தோறும் கையிலெடுத்துப் புழங்கிய பொருள்கள் நம் கருத்தில் எளிதில் படுவதில்லை. ரைன் ஆற்றின் அருகே சுடப்பட்டு, வட ஐரோப்பா எங்கும் விற்கப்பட்டு, கப்பலேறி ஆசியக் கடல்வரை சென்ற கல்மண் கலங்கள் அத்தகையவை. இவை எங்கே தோன்றின, எவரால் செய்யப்பட்டன என்னும் வினாவுக்கு நெடுங்காலமாகப் பல விடைகள் கூறப்பட்டுவந்தன. அவற்றுள் பல பிழையானவை. அப்பிழைகள் எவ்வாறு வேரூன்றின, எவ்வகைச் சான்றுகளால் களையப்பட்டன என்பதே இக்கட்டுரையின் பொருள். பிழையான பெயர்களுள் ஒன்றைப் பரப்பியவர்கள் சீர்திருத்தச் சபையாரே ஆதலின், இது நமக்கு முற்றிலும் அயலான செய்தியன்று.

முதலில் பொருளைத் தெளிந்துகொள்வோம். நம் வீடுகளில் ஊறுகாய் இட்டுவைக்கும் பழுப்பு நிற ஜாடியை அறியாதார் இலர். அது சாதாரண மட்பாண்டமும் அன்று, மெல்லிய சீனப் பீங்கானும் அன்று. இரண்டிற்கும் இடைப்பட்ட அவ்வகைக் கலத்தையே ஜெர்மானியர் 'ஷ்டைன்ட்ஸாய்க்' என்பர். 'கல் பொருள்' என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். மாக்கல்லைக் குடைந்து செய்யும் நம் கல்சட்டியோடு இதனைக் குழப்புதல் ஆகாது. இது மண்ணே. ஆயினும் தீயினால் கல்லின் தன்மையை அடைந்த மண். மண்பானை 1000 பாகைக்கும் குறைந்த வெப்பத்தில் சுடப்படுவதால் அதன் உடலில் நுண்துளைகள் எஞ்சுகின்றன. கோடைக்காலத்தில் பானை நீர் குளிர்வது அத்துளைகளின் வழியே நீர் கசிவதாலேயே. தகுந்த மண்ணை 1200 பாகை செல்சியஸும் அதற்கு மேலும் சுடும்போது, அதிலுள்ள மணற்சத்து ஓரளவு உருகித் துளைகளை அடைத்துவிடுகிறது. அவ்வாறு இறுகிய கலம் தட்டினால் மணிபோல் ஒலிக்கும். மெருகு பூசாமலேயே நீரையும் பியரையும் காடியையும் கசியவிடாது தாங்கும். பழைய ஐரோப்பியர் மண்கலத்தின் கசிவைத் தடுக்க ஈயம் கலந்த மெருகைப் பூசிவந்தனர். அந்த ஈயமோ புளித்த பண்டங்களில் கரைந்து உண்போர் உடலில் சேரும். இக்குறை கல்மண் கலத்தில் இல்லை. சீனர் இக்கலையை ஐரோப்பியருக்குப் பன்னூறு ஆண்டுகள் முன்னரே அறிந்திருந்தனர் என்பது உண்மையே. எனினும் ரைன்லாந்தின் குயவர்கள் சீனரிடமிருந்து கற்கவில்லை. அவர்கள் எவ்வாறு கற்றனர் என்பதைப் பின்னர்க் காண்போம்.

பொய்யான வம்சவரலாறுகள்

நெதர்லாந்து நாட்டில் பழைய கோட்டைகளின் அகழிகளைத் தூர்வாரியபோது ஒடுங்கிய, உயரமான, வெண்சாம்பல் நிறக் கூஜாக்கள் பல கிடைத்தன. இவை எவருடையவை? ஹாலந்து நாட்டுக் கோமகளாயிருந்து, ஆட்சியை இழந்து, 1436இல் தெய்லிங்கன் கோட்டையில் இறந்த பவேரியாவின் யக்கோபாவைப் பற்றி மக்களிடையே ஒரு கதை வழங்கியது. அக்கோமாட்டி தம் கடைசி நாள்களில் பொழுதுபோகாமல் தாமே இக்கூஜாக்களை வனைந்து, குடித்து முடித்தபின் அகழியில் எறிந்தார் என்பதே அக்கதை. அதனால் அவை 'யக்கோபாக் கூஜா' எனப் பெயர்பெற்றன. அரச குலத்து அம்மையார் ஒருவர் குயவர் சக்கரத்தின்முன் அமர்ந்தார் என்னும் கற்பனையில் ஓர் இரக்கமும் கவர்ச்சியும் உண்டு. ஆனால் உண்மை இல்லை. அகழியில் கிடைத்தது என்பது அங்கே எறியப்பட்டது என்பதை மட்டுமே மெய்ப்பிக்கும். அங்கே செய்யப்பட்டது என்பதை மெய்ப்பிக்காது.

இரண்டாவது பெயர் கலைப்பொருள் சேகரிப்பாளர்கள் இட்டது. புடைப்புச் சிற்பங்களோடு கூடிய பழுப்புக் கூஜாக்களையும், சாம்பல் நிறத்தில் நீலந்தீட்டிய கூஜாக்களையும் பிரெஞ்சுச் செல்வந்தர் 'பிளாண்டர்ஸ் நாட்டுக் கல்மண் கலம்' என்றனர். 19ஆம் நூற்றாண்டின் காட்சிச்சாலைப் பட்டியல்களிலும் அப்பெயரே நிலைத்தது. தாழ்நாடுகளின் துறைமுகங்கள் வழியே அவை பரவியமையே இதற்குக் காரணம். ஆங்கிலேயரோ அவற்றைக் 'கொலோன் கலம்' என்றனர். இதற்கும் காரணம் வணிகமே. ரைன் வழியே செல்லும் சரக்கை மூன்று நாள் நகரத்தில் இறக்கி விற்பனைக்கு வைக்கவேண்டும் என்னும் உரிமையைக் கொலோன் நகரம் 1259இல் பெற்றிருந்தது. ஆகவே பிற ஊர்களில் சுடப்பட்ட கலமும் கொலோன் வணிகர் கைவழியாகவே கடல்கடந்தது. சுருங்கக் கூறின், பொருளை விற்றவனின் பெயர் பொருளின்மேல் ஏறிக்கொண்டது. செய்தவன் பெயரற்றவனானான்.

இரு குருமார்களும் உடைந்த ஓடுகளும்

இப்பெயர்களின் பிழையை வெளிப்படுத்தியவர்களுள் இருவர் கத்தோலிக்கக் குருமார்கள் என்பது நம் வாசகர்களுக்குச் சுவையளிக்கக்கூடும். கொலோன் நகரில் உதவிக்குருவாயிருந்த ஜே. பி. டோர்ன்புஷ், சீக்பூர்க் ஊரின் குயவர் சங்கத்தைப் பற்றிய பழைய ஆவணங்களை ஆராய்ந்து 1873இல் ஒரு நூலாக வெளியிட்டார். சீக்பூர்க், கொலோனுக்குத் தென்கிழக்கே சீக் ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர். கொலோன் பேராயர் இரண்டாம் அன்னோ 1064இல் நிறுவிய பெனெதிக்துச் சபை மடமே அவ்வூரின் ஆட்சித்தலைமை. குயவர்கள் மடாதிபதியின் குடிகளாய், ஊர் மதிலுக்கு வெளியே ஆவுல்காசெ என்னும் தெருவில் வாழ்ந்தனர். அத்தெருவின் பெயரே ஒரு சான்றாகும். பானையைக் குறிக்கும் 'ஒல்லா' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த 'ஆவுல்' என்பதே அதன் முதற்பகுதி. உரோமர் விட்டுச்சென்ற சொல் குயவர் தெருவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தங்கியிருந்தது.

ஏறத்தாழ அதே காலத்தில், ஆகென் நகருக்கு அருகேயுள்ள ரேரன் என்னும் ஊரின் உதவிக்குரு ஷ்மிட்ஸ் தம் சேகரத்தின் நிலங்களில் புதைந்துகிடந்த ஓட்டுக் குவியல்களைத் தோண்டலானார். 'பிளாண்டர்ஸ் கலம்' என்று பாரிஸில் பெருவிலைக்கு விற்கப்பட்ட கூஜாக்களின் அதே சிற்பங்கள், அதே எழுத்துகள், அதே முத்திரைகள் அவ்வோடுகளில் காணப்பட்டன. பெல்ஜிய நாட்டு நீதிபதி ஹென்றி ஷுயெர்மன்ஸ் கலங்களின்மேல் பொறிக்கப்பட்ட வாசகங்களை நூற்றுக்கணக்கில் திரட்டி வெளியிட்டார். அவற்றின் மொழி பிளாண்டர்ஸில் வழங்கியது அன்று, ரைன் பகுதியின் ஜெர்மானியப் பேச்சே என்பது தெளிவாயிற்று. அன்று பிரஷ்யாவின் ஆட்சியிலிருந்த ரேரன் 1920 முதல் பெல்ஜியத்தைச் சேர்ந்தது. இதனால் 'ஜெர்மானியக் கலம்' என்னும் பெயரும் இன்றைய எல்லைக்கோட்டுக்கு முழுதும் பொருந்தாது என்பதையும் சொல்லிவைக்கவேண்டும்.

உடைந்த ஓடுகளுக்கு இத்துணை மதிப்பு ஏன்? விற்பனையான கலம் எங்கும் செல்லும். சூளையிலேயே வெடித்த கலம் எங்கும் செல்லாது. ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொண்டவை, கோணியவை, பிளந்தவை ஆகியவற்றைக் குயவன் சூளைக்குப் பக்கத்திலேயே கொட்டிவிடுகிறான். எவரும் விலைகொடுத்து வாங்காத அக்குப்பையே பிறப்பிடத்தைக் கூறும் பொய்யாத சாட்சி. அகழியில் கிடைத்த முழுக் கூஜா கதையை வளர்த்தது. சூளையருகே கிடைத்த வெடித்த கூஜா கதையை முடித்தது. குருமார்கள் இப்பணியில் முந்தியதற்கும் காரணம் உண்டு. ஊரின் நிலத்தையும் குடும்பங்களையும் பழைய பதிவேடுகளையும் ஒருங்கே அறிந்தவர் அக்காலத்துச் சிற்றூரில் குருவைத் தவிர வேறெவர்? நம் சேகரங்களின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைக் கறையானுக்கு விட்டுவிடுகிற ஆயர்கள் இதனைச் சற்றே எண்ணிப்பார்க்கலாம். 1908இல் ஓட்டோ ஃபான் ஃபால்கே ரைன்லாந்துக் கல்மண் கலங்களைப் பற்றி இரு தொகுதிகளாக வெளியிட்ட பெருநூல் இவர்கள் இட்ட அடிப்படையின்மேல் எழுந்ததே.

கண்டுபிடித்தவர் எவர்?

ஒரு கலையின் தோற்றத்தைக் கூறும்போது ஒரு மனிதனையும் ஓர் ஆண்டையும் சுட்ட விரும்புவது மனித இயல்பு. 1961 முதல் 1966 வரை ஆவுல்காசெயின் ஓட்டுமேடு முறைப்படி அகழப்பட்டு, பெர்ன்ஹார்ட் பெக்மன் 1975இல் அதன் முடிவுகளை வெளியிட்டபோது, அவ்விருப்பத்திற்கு இடமில்லாது போயிற்று. மேட்டின் அடியடுக்கிலிருந்து மேலடுக்குவரை மண்ணின் தன்மை படிப்படியாக மாறுகிறது. எந்த ஓர் அடுக்கிலும் 'இங்கே கண்டுபிடிக்கப்பட்டது' என்று விரல் வைக்க இயலாது.

கொலோனுக்குத் தெற்கே பிங்ஸ்டோர்ஃப் என்னும் ஊரிலும் அதைச் சூழ்ந்த இடங்களிலும் கரோலிங்கியர் காலத்தின் இறுதி முதற்கொண்டு மஞ்சள் நிற மண்ணில் செம்பழுப்புக் கோடுகள் தீட்டிய பானைகள் மிகுதியாகச் செய்யப்பட்டன. அவற்றைச் செய்தோரின் வழிவந்தவர்கள் சூளைகளைச் சிறிது சிறிதாகத் திருத்தி வெப்பத்தைக் கூட்டினர். 13ஆம் நூற்றாண்டில் கலம் ஏறக்குறையக் கல்லாகியது. மணல் துகள்கள் இன்னும் தனித்துத் தெரிந்தன, மேற்பரப்புச் சொரசொரப்பாயிருந்தது. ஆய்வாளர் இதனை முன்னிலைக் கல்மண் கலம் என்பர். 1300ஆம் ஆண்டையொட்டிச் சீக்பூர்க்கில் முழுமையான கல்மண் கலம் வந்துவிட்டது. ஏறத்தாழ நான்கு தலைமுறைக் குயவர்கள், தாம் ஒரு புதுமையைப் படைக்கிறோம் என்பதை அறியாமலேயே, நேற்றைய சூளையைவிட இன்றைய சூளையைச் சற்றே கடுமையாக எரித்ததன் பயன் இது.

இது ரைன்லாந்தில் நிகழ்ந்ததற்கு நிலமே காரணம். பெரும்பாலான களிமண் 1200 பாகையில் குழைந்து உருவிழந்துவிடும். ரைன்லாந்தின் சில இடங்களில் படிந்துள்ள களிமண் அவ்வெப்பத்திலும் நின்றது. சீக்பூர்க்கின் மண்ணில் இரும்புச்சத்து குறைவாதலின் கலம் வெண்மையாயிற்று. ரேரனிலும் லாங்கர்வேஹே என்னும் ஊரிலும் கலத்தின்மேல் இரும்புக் கலப்புள்ள மண்குழம்பைப் பூசியதால் பழுப்பு நிறம் கிட்டியது. மண்ணுக்கு அருகே காடு. காட்டின் விறகு சூளைக்கு. சூளைக்கு அருகே ஆறு. ஆற்றின் வழியே சந்தைக்கு. சாக்சனியில் வால்டன்பர்க் போன்ற வேறு சில இடங்களிலும் இக்கலை தழைத்தது. ஆயினும் உலகச் சந்தையைப் பிடித்தது ரைன்லாந்தே.

உப்பு மெருகைப் பற்றியும் ஓரிரு சொற்கள் கூறவேண்டும். சூளை உச்ச வெப்பத்தில் இருக்கும்போது கறியுப்பை அள்ளி உள்ளே வீசுவர். உப்பு ஆவியாகி, அதன் சோடியம் கலத்தின் மேற்பரப்பிலுள்ள மணற்சத்தோடு கூடிக் கண்ணாடிபோன்ற மெல்லிய படலமாகிறது. கலத்தின் மேனி ஆரஞ்சுப்பழத் தோல்போல் சிறுசிறு புள்ளிகளோடு மின்னும். 16ஆம் நூற்றாண்டில் ரைன்லாந்துக் குயவர் இம்முறையை வழக்கமாகவே கையாண்டனர்.

தாடிக்காரரும் கர்தினாலும்

கொலோன் நகரக் குயவர்கள் 16ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் கூஜாவின் கழுத்தில் தாடியுள்ள முகம் ஒன்றைப் பதிக்கத் தொடங்கினர். நகரமன்றம் தீ விபத்துக்கு அஞ்சியும் விறகின் விலையேற்றத்தைக் காரணங்காட்டியும் அவர்களை நெருக்கியது. அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவர்களுட் பலர் மேற்கே சில கல் தொலைவிலுள்ள ஃப்ரெக்கனில் குடியேறினர். அங்கிருந்து தாடிமுகக் கூஜாக்கள் இங்கிலாந்துக்கும் நெதர்லாந்துக்கும் ஆயிரக்கணக்கில் சென்றன. 1629இல் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையருகே உடைந்த ஒல்லாந்துக் கப்பல் பட்டேவியாவின் சிதைவிலும் அவை கிடைத்துள்ளன.

ஆங்கிலேயர் இக்கூஜாவுக்கு இட்ட பெயர் 'பெல்லர்மின்'. ராபர்ட் பெல்லர்மின் யார் என்பதைக் குருத்துவ மாணவருக்கு விளக்கவேண்டுவதில்லை. 1542இல் மொந்தெபுல்சியானோவில் பிறந்தவர், இயேசு சபையினர், 1599இல் கர்தினாலானவர், 1586 முதல் வெளிவந்த தம் தர்க்க நூல்களால் சீர்திருத்தத் தலைவர்களைத் திணறச் செய்தவர். வெடிமருந்துச் சதிக்குப்பின் 1606இல் அரசர் முதலாம் ஜேம்ஸ் விதித்த உறுதிமொழியை எதிர்த்து அவ்வரசரோடேயே எழுத்துப்போர் புரிந்தவர். அவரை ஏளனஞ்செய்யவே சீர்திருத்தச் சபையார் அவருடைய முகத்தைப் பருத்த வயிறுடைய குடிகலத்தின்மேல் பொறித்தனர் என்று நெடுங்காலம் கூறப்பட்டது.

ஆண்டுகளை ஒப்பிட்டால் இக்கூற்று நில்லாது. தாடிமுகக் கூஜாக்கள் தோன்றியபோது பெல்லர்மின் பிறக்கவே இல்லை. அவர் சிறுவனாய் இருந்த காலத்தில் அவை கொலோனில் பரவலாக விற்பனையாயின. அம்மட்டோ, கொலோன் கத்தோலிக்க நகரம். அதன் குயவர் கத்தோலிக்கக் கர்தினாலை ஏளனஞ்செய்ய முகாந்தரமும் இல்லை. ஜெர்மானியர் இதனை வெறுமனே 'தாடிக்காரக் கூஜா' என்றே அழைக்கின்றனர். இடைக்காலக் கதைகளில் வரும் காட்டுமனிதனின் முகமே இது என்று கருதுவோர் உளர். ஆகவே முகத்தைச் செய்தவன் ஒருவன். அதற்குப் பெயரிட்டவன் வேறொருவன். பெயரிட்டவன் சந்தையில் கிடைத்த பழைய பொருளைத் தன் புதிய சண்டைக்குப் பயன்படுத்திக்கொண்டான். 1630களில் வில்லியம் கார்ட்ரைட் என்னும் ஆக்ஸ்போர்டு அறிஞர் எழுதிய நாடகத்தில் இப்பெயர் வருகிறது. அதாவது, கர்தினால் 1621இல் மறைந்தபின்னும் சண்டை மறையவில்லை. வாதத்தில் வெல்ல இயலாத எதிரியைக் குடிகலமாக்கி மகிழ்வது எளிய வெற்றிதான். அதனை வரலாறு என்று நம் நூல்கள் பின்னர் எழுதிவைத்தமையே குறை.

இங்கிலாந்தில் இக்கூஜாவுக்கு மற்றொரு பயனும் ஏற்பட்டது. சூனியத்தை முறிப்பதற்காகச் சிறுநீர், ஆணி, குண்டூசி முதலியவற்றை இட்டு மூடி அடுப்பங்கரையில் புதைத்துவைத்தனர். 2004இல் கிரீனிச்சில் மூடியோடு கிடைத்த ஒன்றை ஆய்வாளர் சோதித்தபோது அதில் சிறுநீர், வளைந்த ஆணிகள், தலைமயிர், நகத்துண்டுகள், ஊசியாலோ ஆணியாலோ துளைக்கப்பட்ட இதயவடிவத் தோல் ஆகியவை இருந்தன. சீர்திருத்தம் பெற்று நூறாண்டு கடந்த நாட்டில் சபை மக்களின் அடுப்புக்குக் கீழே இருந்தது இது. பிரசங்கங்களை மட்டும் படித்து அக்காலத்தை மதிப்பிடுவோர்க்கு இக்கூஜா ஒரு பின்னிணைப்பாகலாம்.

படங்களும் ஆண்டுகளும்

16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கூஜாக்கள் படநூல்களாயின. அச்சிட்ட சித்திரங்களைப் பார்த்து அச்சு வெட்டி, அதில் மென்மண்ணை அழுத்தி எடுத்து, கலத்தின் நடுவே பட்டையாக ஒட்டினர். ரேரனின் புகழ்பெற்ற குயவர் யான் ஏமென்ஸ் மென்னிக்கன் குடியானவர் நடனத்தைப் பொறித்த கூஜா 1576ஆம் ஆண்டைத் தாங்கியுள்ளது. அச்சித்திரத்தின் மூலம் ஹான்ஸ் சேபால்ட் பேஹாமின் செதுக்கோவியம். இந்தப் பேஹாம் யார்? ஞானஸ்நானத்தையும் நற்கருணையையும் நகரமன்றத்தின் அதிகாரத்தையும் மறுத்தார் என்று 1525இல் தம் தம்பி பார்தேலோடும் கேயோர்க் பென்ட்ஸோடும் நூரம்பர்க்கிலிருந்து துரத்தப்பட்ட ஓவியர். அவருடைய படம் அரை நூற்றாண்டின் பின்னர்க் கத்தோலிக்க ஊரில் கத்தோலிக்கக் குயவன் கையால் கூஜாவில் ஏறியது! எவர் படம் என்று குயவன் கேட்டதாகத் தெரியவில்லை. விற்குமா என்றே கேட்டிருப்பான்.

வேதாகமக் காட்சிகளும் மிகுதி. தானியேலின் இணைப்பாக வரும் சூசன்னாளின் கதை ரேரன் கூஜாக்களில் 1580களில் பெரிதும் விரும்பப்பட்டது. நாம் தள்ளுபடி ஆகமம் என்று ஒதுக்குவதை லூத்தர் 1534இன் தம் முழு வேதாகமத்தில் படிக்கத்தக்கது என்று இரு ஏற்பாடுகளுக்கிடையே வைத்திருந்தார். எனவே இரு சபையாரின் மேசையிலும் அக்கூஜா தடையின்றி இருக்கமுடிந்தது. லூத்தரன் நாடாகிய பைராய்ட் பகுதியின் கிரோய்சனில், 17ஆம் நூற்றாண்டில், பன்னிரு அப்போஸ்தலரைச் சுற்றிலும் நிறுத்தி வண்ணந்தீட்டிய குவளைகள் செய்யப்பட்டன. ரைன்லாந்தில் போப்பாண்டவரை ஏளனஞ்செய்யும் படங்களுள்ள கலங்களும் உண்டு.

இங்கு ஒரு எச்சரிக்கை தேவை. கலத்தில் பொறித்த ஆண்டு கலம் சுடப்பட்ட ஆண்டு என்று கொள்ளலாகாது. அது அச்சு வெட்டப்பட்ட ஆண்டு. ஓர் அச்சு பல ஆண்டுகள் உழைத்தது, தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது, ஊர்விட்டு ஊர் போயிற்று. ஏட்டுப் பிரதிகளை ஆராயும் நம் மாணவர் இதனை எளிதில் உணர்வர். படியெடுத்தவன் மூலத்தின் ஆண்டையும் சேர்த்தே படியெடுப்பான் அன்றோ!

அச்சுகள் ஊர்விட்டுச் சென்றதற்குப் பெருங்காரணம் போர். கொலோன் பேராயர் கெப்ஹார்ட் ட்ருக்ஸெஸ் 1582இன் இறுதியில் சீர்திருத்தக் கொள்கையைத் தழுவியதாக அறிவித்து, மறு ஆண்டு மணமுடித்து, பதவியையும் விடமறுத்தார். அதனால் மூண்ட போர் 1583 முதல் 1588 வரை ரைன்லாந்தைப் பாழாக்கியது. மதிலுக்கு வெளியே வாழ்ந்த சீக்பூர்க் குயவர்க்குப் பாதுகாப்பு ஏது? மடத்தை நிறுவிய பேராயரின் பெயரையே தாங்கிய அன்னோ க்னூட்கன் 1590ஐ ஒட்டித் தம் குடும்பத்தோடு வெஸ்டர்வால்ட் மலைநாட்டின் ஹோர் ஊரில் குடியேறினார். ரேரனின் மென்னிக்கன் குடும்பத்தாரும் அம்மலைநாட்டுக்கே வந்தனர். 1632இல் சுவீடன் படை சீக்பூர்க்கைத் தாக்கியபின் அங்கே இக்கலை மீண்டும் தழைக்கவில்லை. சீர்திருத்தச் சபையாரைக் காக்க வந்த படையென்று நாம் போற்றும் அதே சுவீடன் படைதான்.

வந்தேறியவர்கள் கொண்டுவந்த அச்சும், மலைநாட்டின் வெண்மண்ணும், கோபால்ட் நீலமும் சேர்ந்து, சாம்பல் உடலில் நீலந்தீட்டிய வெஸ்டர்வால்ட் கலம் பிறந்தது. ஹோர் கத்தோலிக்க ஊர். ஓடை ஒன்றுக்கப்பாலுள்ள கிரென்ஸ்ஹவுசன் சீர்திருத்தச் சபையாரின் ஊர். இரண்டிலும் ஒரே கலமே சுடப்பட்டது. 1936இல் ஈரூரும் ஒன்றாக இணைக்கப்பட்டன. இங்கிலாந்திலோ, செஸ்டர் அத்தியட்சரின் பதிவாளராயிருந்த ஜான் டுவைட் கல்மண் கலம் செய்யும் காப்புரிமையை 1672இல் பெற்றார். அப்பத்திரமும் அக்கலத்தைக் கொலோன் கலம் என்றே குறித்தது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பழைய கூஜாக்களின்மேல் ஆசை பெருகியபோது, வெஸ்டர்வால்டிலும் சீக்பூர்க்கிலும் அவற்றைப் போலவே புதியன செய்தனர். சில பழைய அச்சுகளிலேயே அழுத்தப்பட்டன; பழைய ஆண்டும் பழைய எழுத்தும் மாறாமல் வந்தன. ஒப்புமையை மட்டும் நம்பிய சேகரிப்பாளர் பலர் ஏமாந்தனர். மண்ணிலுள்ள அரிய தனிமங்களின் அளவை அணு உலைக் கதிர்களால் அளந்து, எக்கலம் எவ்வூர் மண் என்று கூறும் முறை பின்னர்ப் பான் பல்கலைக்கழகத்தில் வளர்ந்தது. அம்முறைக்கும் ஒப்பிட்டுப் பார்க்க ஐயமற்ற மாதிரி வேண்டும். அதற்காக ஆய்வாளர் எடுத்துக்கொள்வது அந்தந்த ஊர்ச் சூளையருகே கொட்டப்பட்ட உடைந்த ஓடுகளையே.